ஒரே வாசலில் ஸ்பிட்ஃபயரும் ஸ்விஃப்டும்

2025 மே மாதம் அப்பா தாம்பரத்திலிருந்து இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு, என் வீட்டுக்கு வந்து இறங்கினார். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வாசலில் நின்ற இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒன்று 2024 மாடல் சுசுகி ஸ்விஃப்ட். மற்றது 1976இல் இதே ஊரில் செய்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, கூரை மடக்கும் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஸ்விஃப்டைப் பார்த்து, "நம்ம ஊர்லயும் இதுதானே ஓடுது" என்றதோடு சரி. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவர், டீ ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அப்பா 1968இல், பத்தொன்பது வயதில், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கேதான் செய்தார்கள். 1961இல் வந்த அந்த வண்டி, கவென்ட்ரியில் பிறந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த இன்னொரு பாடியைப் பூட்டி 1962இல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். ஆக, வாசலில் நின்றது அப்பா பூட்டிய வண்டிக்குச் சித்தப்பா பிள்ளை. அவர் ஹெரால்டு லைனில் பார்த்த வேலை, முன்சக்கர சஸ்பென்ஷன் பூட்டுவது. குந்தி உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வண்டியையும் ஒரே வாசலில் வைத்திருப்பதால், எது நல்ல வண்டி என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஏட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால் வேடிக்கையாக இருக்கும். ஸ்பிட்ஃபயர் 1493 சி.சி., நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 71 குதிரைத்திறன். ஸ்விஃப்ட் 1197 சி.சி., மூன்றே சிலிண்டர், 82 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகம் எட்ட ஸ்பிட்ஃபயருக்கு 13 விநாடி, ஸ்விஃப்டுக்கு 12 சொச்சம். இரண்டுமே 100 மைலை ஒட்டி மூச்சு வாங்கும். நீளம் ஸ்பிட்ஃபயர் 3.78 மீட்டர், ஸ்விஃப்ட் 3.86. ஒரு காலத்தில் இளைஞர்கள் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்த ஸ்போர்ட்ஸ் காரும், பிள்ளையைப் பள்ளியில் விடுகிற சின்னக் காரும் ஓட்டப் பந்தயத்தில் அக்கம்பக்கமாகத்தான் வரும். சொல்லப்போனால் ஸ்விஃப்ட் ஒரு கை முந்தும்.

பெட்ரோலில் முந்துவது ஒரு கை அல்ல. ஸ்பிட்ஃபயர் எனக்கு லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தருகிறது. ஸ்விஃப்ட் இருபதைத் தாண்டுகிறது. இதில் ஸ்பிட்ஃபயர் 800 கிலோவுக்குள்தான் எடை, ஸ்விஃப்ட் 950 கிலோ அளவுக்கு வரும். அதாவது கனமான வண்டி, சின்ன இன்ஜின், பாதிப் பெட்ரோல், கூடுதல் பிக்கப். ஐம்பது வருடத்தில் இன்ஜினியர்கள் சும்மா இருக்கவில்லை.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஸ்பிட்ஃபயரில் உட்கார்ந்தால் பின்புறம் தரையை உரசுகிற மாதிரி இருக்கும். கதவுக்கு மேலாகக் கையை நீட்டினால் தார்ச்சாலையைத் தொட்டுவிடலாம். 40 மைல் வேகத்தில் காது நிறையக் காற்று, காலடியில் கியர்பாக்ஸ் சூடு, மூக்கில் லேசாகப் பெட்ரோல். பவர் ஸ்டியரிங் கிடையாது. சாலையில் கிடக்கிற சரளைக் கல் ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குச் செய்தி சொல்லிவிட்டுத்தான் போகும். 155 அளவு ஒல்லி டயர் என்பதால், ஒரு சாதாரண ரவுண்டானாவில்கூட டயர் எப்போது பிடியை விடத் தொடங்குகிறது என்று இடுப்பு சொல்லிவிடும். அதே ரவுண்டானாவில் ஸ்விஃப்ட் இன்னும் பத்து மைல் கூட்டிப் போனாலும் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் திறமை.

அதனால் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் வண்டி ஓட்டுகிற சுகம் வேண்டும் என்றால் பழையது. மோட்டார்வேயில் ஏறிவிட்டாலோ கதை தலைகீழ். 70 மைலில் ஸ்பிட்ஃபயரின் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுற்றில் அலறும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். என் வண்டியில் ஓவர்டிரைவ் இருக்கிறது, அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவைக்கிற கூடுதல் கியர் மாதிரி. கியர் நாப்பில் உள்ள சுவிட்சைத் தட்டினால் ஒரு 800 சுற்று இறங்கும், கொஞ்சம் மனிதத்தன்மை வரும். வாங்குகிற எண்ணம் இருந்தால் ஓவர்டிரைவ் உள்ள வண்டியாகப் பாருங்கள். பின்னால் பூட்டிக்கொள்வது செலவு.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையில்லை. ஸ்பிட்ஃபயரில் ஏர்பேக் இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லை, சீட் பெல்ட் மட்டும்தான். லாரிக்குப் பக்கத்தில் போனால் அதன் சக்கர நட்டு என் காது உயரத்தில் சுற்றும். என் மகனை அதில் ஏற்றிக்கொண்டு நான் மோட்டார்வேக்குப் போவதில்லை. மழை நாளில் முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி. முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருக்கிறது, நிற்கும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டால் காப்பாற்ற எந்தக் கம்ப்யூட்டரும் வராது, நம் கால்தான் விட்டுப் பிடிக்க வேண்டும்.

ஸ்விஃப்ட் பற்றி எனக்கு ஒரே எரிச்சல் அந்தப் பீப் சத்தம். வேக வரம்பை ஒரு மைல் தாண்டினால் பீப், கோட்டைத் தொட்டால் பீப், நான் கண்ணாடியைப் பார்த்தால் கவனம் சிதறுகிறது என்று பீப். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு வேக எச்சரிக்கை கட்டாயம். பிரிட்டனில் கட்டாயம் இல்லை என்றாலும், எந்தக் கம்பெனியின் புதுக் காரை எடுத்தாலும் பெரும்பாலும் அது சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைத்துக்கொள்ள வேண்டும். அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி சீட்ல உங்கம்மா உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

சரி, நான் செய்த தப்புகளுக்கு வருகிறேன். 2019இல் இந்த ஸ்பிட்ஃபயரை வாங்கப் போனபோது, ஒரு தட்டில் பிடித்துக்கொண்ட இன்ஜினையும் பளபளத்த சிவப்புப் பெயின்ட்டையும் பார்த்து மயங்கினேன். கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன். அந்த வருடமே கதவு சரியாகச் சாத்தவில்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி போன்ற பகுதியைச் 'சில்' என்பார்கள். கூரையில்லாத இந்த வண்டியின் பாடி வளையாமல் நிற்பதே அதை நம்பித்தான். என் வண்டியில் இரண்டு பக்கமும் சில் உள்ளே துருவில் கரைந்து, மேலே அழகாகப் பட்டி பார்த்திருந்தது. வெல்டிங் முடிந்து வந்தபோது வண்டி வாங்கிய விலையில் பாதி கூடுதலாகப் போயிருந்தது.

இன்ஜின் கெட்டுப்போனால் வேறு இன்ஜின் கிடைக்கும். கெட்டுப்போன பாடி ஆளை ஓட்டாண்டியாக்கிவிடும். இப்போது யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு பழைய கார் பார்க்கப் போனால், ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன். சில் மேலும் சக்கர வளைவு மேலும் வைத்துப் பார்ப்பேன். பட்டி இருக்கிற இடத்தில் ஒட்டாது. அப்புறம் கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். கதவைக் கழற்றிவிட்டுச் சில் வெல்டிங் செய்த வண்டிகளிலும் இப்படி இருக்கும். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது ஒருவரைக் கிளட்சை அமுக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனிப்பது. அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் உள்ளே கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அந்த வாஷர் கழன்று கீழே விழுந்தால் இன்ஜின் பிளாக்கே போய்விடும். இந்த மூன்றுக்கும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை 2019இல் நான் செலவழிக்கவில்லை.

இனி அப்பாவின் சமாச்சாரம்.

வந்த மூன்றாம் நாள் காலை, பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஸ்பிட்ஃபயரில் பானெட் என்றால் மேல்மூடி மட்டுமல்ல. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே எழுந்து முன்னால் சாயும். அதற்கப்புறம் முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அப்பா அப்படித்தான் உட்கார்ந்தார். ஐம்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்காராத ஆள் மாதிரியே தெரியவில்லை. ஸ்விஃப்டின் பானெட்டையும் திறந்து காட்டினேன். பிளாஸ்டிக் மூடியையும் ஆயில் ஸ்டிக்கையும் பார்த்தார். "இதுல நமக்கு ஒண்ணும் வேலையில்லை" என்று மூடிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார்.

சஸ்பென்ஷனின் அடியில் ட்ரன்னியன் என்று ஒன்று உண்டு. பித்தளை நிறத்தில், கைப்பிடி அளவு. முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனை மரையோடு அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அப்பா அதை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல கிரீஸ் அடிச்சது யாரு?"

"நான்தாம்ப்பா. நிப்பிள் இருந்துச்சு, கிரீஸ் கன் வெச்சு அடிச்சேன்."

"நிப்பிள் இருந்தா கிரீஸா? இதுக்குத் தொண்ணூறு ஆயில்மா."

தொண்ணூறு ஆயில் என்றால் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஈ.பி. 90. கிரீஸ் அந்த மரைக்குள் இறங்காது. வெளியே காய்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, இரும்புத் தண்டை அது தின்னும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். இதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

கழற்றிப் பார்ப்போம் என்றார். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, வலப்பக்கத்தைக் கழற்றினோம். இடப்பக்கம் வந்தபோது நான் ஸ்பானரைப் பிடித்து ஒரு கால் மணிநேரம் மல்லுக்கட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் சொன்னார்: ஒரு பக்கம் வலப்புரி மரை, மறுபக்கம் இடப்புரி மரை. நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். புது ஆள் லைனுக்கு வந்தால் முதல் நாள் எல்லோரும் இதே வேடிக்கையைத்தான் பார்ப்பார்களாம்.

வெளியே வந்த தண்டைத் துணியால் துடைத்தார். மரையின் நடுவில் விரல் நகம் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரனை எத்தனை தடவை இதில் கூட்டிப்போனாய் என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற இரண்டு வார இறுதி ஆனது. பழைய தண்டு இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

வேலை முடிந்ததும் ஒரு ஓட்டம் போனோம். வீட்டுத் தெரு குறுகலானது. ஸ்விஃப்டை அங்கே திருப்ப முன்னே பின்னே மூன்று தடவை போக வேண்டும். ஸ்பிட்ஃபயர் ஒரே வெட்டில் திரும்பும். ஹெரால்டு வம்சத்துக்கே உரிய குணம் இது, முன்சக்கரம் ஆட்டோ மாதிரி ஒடியும். ஏழரை மீட்டர் வட்டம் இருந்தால் போதும். ஸ்விஃப்டுக்கு 9.6 மீட்டர் வேண்டும். அப்பா வண்டியை ஓட்டவில்லை, ஆனால் தெருமுனைக்குப் போய்த் திரும்பி வரச் சொல்லி மூன்று தடவை கேட்டார்.

அப்படியே கவென்ட்ரியிலேயே உள்ள கான்லி பக்கம் போனோம். ஸ்பிட்ஃபயரைச் செய்த தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1980இல் கார் உற்பத்தி நின்றது. இப்போது அங்கே அலுவலகங்களும் கடைகளும்தான். ஆனால் ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி அப்பாவை ஒரு படம் எடுத்தேன். பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே போனது என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரம் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குக் கிளம்பினோம். ஃபாஸ் வே என்று ரோமானியர் காலத்துச் சாலை, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். பாதி வழியில் இன்ஜின் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை அப்பா டெல்கோ என்றுதான் சொல்வார். "டெல்கோ மூடியக் கழட்டு" என்றார். உள்ளே சுழல்கிற ரோட்டர் புத்தம் புதுசு. ஒரு மாதத்துக்கு முன் நான்தான் மாற்றியிருந்தேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சரக்கு. பிளாஸ்டிக்குக்குள் எங்கோ மயிரிழை விரிசல் விழுந்து கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. பழைய ரோட்டரை எறிய மனமில்லாமல் டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நன்றாக ஓடுகிற பழைய சாமானை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், பழையதை எறியாமல் வண்டியிலேயே வைத்திருங்கள். அந்த டப்பாவில் இப்போது ரோட்டர், கண்டென்சர், ஒரு செட் பாயிண்ட், ஃபேன் பெல்ட், ஃப்யூஸ் எல்லாம் இருக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தீயணைப்பான். பேட்டரிக்குத் திருகிக் கழற்றும் துண்டிப்பானும் போட்டிருக்கிறேன்.

இதைவிட நீண்ட நேரம் நான் சாலையோரத்தில் நின்றது ஸ்விஃப்டில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் குழியில் இறங்கி டயரின் பக்கச் சுவர் கிழிந்தது. இப்போது வரும் சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. நுரை அடைக்கிற ஒரு பாட்டிலும் காற்றடிக்கும் பம்பும்தான். ஆணி ஏறிய ஓட்டைக்கு அது சரி, கிழிசலுக்கு உதவாது. மூன்று மணிநேரம் குளிரில் நின்று, வண்டி தூக்கும் லாரியில் வீடு வந்தேன். அன்றே தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கி வைத்தேன். புது வண்டி எடுப்பவர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஸ்பிட்ஃபயருக்கு எத்தனால் 5 சதவீதத்துக்கு மிகாத ஈ5 ரகம்தான் போடுகிறேன், விலை அதிகம். குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். இந்தச் செலவை வரிச் சலுகை ஈடுகட்டுகிறது. இங்கே 40 வயது கடந்த காருக்குச் சாலை வரி இல்லை. லண்டன், பர்மிங்ஹாம் காற்று மாசுக் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கிற எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. நான் ஆனாலும் கொண்டுபோகிறேன். வருடத்துக்கு ஒருமுறையாவது என்னைத் தவிர வேறொரு ஜோடிக் கண் அடியில் பார்க்கட்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சந்தை விலைக்கு எடுக்காமல், புகைப்படம் அனுப்பி முன்கூட்டியே ஒரு தொகையை ஒத்துக்கொண்டு எழுதிவாங்குங்கள்.

குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கியதும் ஸ்பிட்ஃபயர் ஷெட்டுக்குள் போய்விடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஸ்விஃப்ட்தான். அந்த ஐந்து மாதமும் அது காலையில் ஒரு பட்டனில் ஸ்டார்ட் ஆகி, கண்ணாடியில் பனியை உருக்கி, பள்ளிக்கும் வேலைக்கும் போய், ஃபோல்ஸ்ஹில் ரோடு கடையிலிருந்து இருபது கிலோ இட்லி அரிசி மூட்டையைத் தூக்கி வரும். ஒரு புகார் சொல்லாது. பழைய வண்டியை ஆசையாய் வைத்துக்கொள்ள எனக்கு முடிவதே பக்கத்தில் இது நிற்பதால்தான். ஒரே வண்டிக்குத்தான் இடமும் பணமும் என்றால் நான் ஸ்விஃப்டைத்தான் வைத்துக்கொள்வேன், இரண்டாவது யோசனை இல்லை. ஒரு வாரம் அழுவேன், அவ்வளவுதான்.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் பானெட்டின் உட்புறத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தார்: "19-5-25. 90 ஆயில். அடுத்து 6 மாதம்." விமான நிலையத்துக்கு ஸ்விஃப்டில்தான் போனோம், மூன்று பெட்டி.

நவம்பர் 19ஆம் தேதி காலை ஆறரை மணி. இங்கே இன்னும் விடியவில்லை. தாம்பரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல்: "ஆயில்?" ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.